கொக்கி இல்லாத முளை: ஒரு விதைப் படப்புத்தகத்தை இரண்டு முறை அச்சடித்த அனுபவம்

"எங்க செடிதான் தப்பா முளைக்குது." கண்ணாடி டம்ளரைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று சொன்னது இது. டம்ளரில் பீன்ஸ் விதை வேர் விட்டு, தண்டைக் கொக்கி போல வளைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. புத்தகத்திலோ முளை ஈட்டி மாதிரி நிமிர்ந்து, நுனியில் இரண்டு இலையை ஏந்திக்கொண்டு மண்ணைத் துளைத்தது. புத்தகம் சரி, தன் செடிதான் தவறு என்று அந்தக் குழந்தை முடிவு கட்டியது. புத்தகம் நான் எழுதியது. 1,000 பிரதிகள் அச்சாகி, ஏறக்குறைய 300 வெளியே போயிருந்த நேரம் அது. மீதி 700ஐ நிறுத்தி வைத்தேன். திருத்தி மறுபடி அச்சடித்து முடிக்கையில், முதல் வரி எழுதியதிலிருந்து 14 மாதங்கள் ஓடியிருந்தன. ஓவியத்துக்கு முதலில் கொடுத்ததில் பாதிக்கு மேல் இன்னொரு முறை கொடுத்தேன். அச்சுச் செலவு முழுதாக இரட்டிப்பானது. பணத்தைவிட, தன் கண்ணால் பார்த்ததைக் குழந்தை நம்பாமல் போனதற்கு நான் காரணமாகிவிட்டேன் என்பதுதான் பல நாள் தூங்கவிடவில்லை. இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பிழை நான் வேலையைத் தொடங்கிய விதத்திலேயே இருந்தது. இரண்டே மாலைகளில் கதையை எழுதிவிட்டு, இணையத்தில் தேடி எடுத்த இருபது முப்பது படங்களையும் சேர்த்து ஓவியருக்கு அனுப்பினேன். அந்தப் படங்களில் பீன்ஸும் இருந்தது, பட்டாணியும் இருந்தது. இரண்டும் முளைக்கும் விதம் வேறு. பீன்ஸில் பருப்புக்கு, அதாவது விதைக்குள் இருக்கும் சதைப்பற்றான இரண்டு பாதிகளுக்கு, கீழே உள்ள தண்டு நீளும். அதனால் இரண்டு பருப்பும் மண்ணுக்கு மேலே தூக்கப்பட்டு வெளியே வரும். பட்டாணியில் பருப்புக்கு மேலே உள்ள தண்டுதான் நீளும். பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். பாடநூல்களில் தரைமேல் முளைத்தல், தரைகீழ் முளைத்தல் என்று படித்தது இதைத்தான். பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, புளி, சூரியகாந்தி எல்லாம் முதல் வகை. கொண்டைக்கடலை, துவரை, மா, மக்காச்சோளம் இரண்டாம் வகை. சிவப்புப் பூப் பூக்கும் கொடி பீன்ஸ் வகை ஒன்று பட்டாணியைப் போலவே பருப்பை மண்ணுக்குள் விட்டுவிடும் என்பதால், 'பீன்ஸ்' என்று தேடிக் கிடைத்த படத்தைக்கூட அப்படியே நம்ப முடியாது. எங்கள் புத்தகத்தில் 10ஆம் பக்கத்தில் பருப்பு மண்ணுக்குள் இருந்தது, 12ஆம் பக்கத்தில் மேலே இருந்தது, 14இல் மறுபடி உள்ளே போய்விட்டது. மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தோம். மூவரும் எழுத்தைத்தான் பார்த்தோமே தவிர, யாரும் படத்தைப் படிக்கவில்லை.

இரண்டாவது பிழை முகம். விதைக்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தோம். குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், பிடிக்கவும் செய்தது. ஆனால் முளைத்து மூன்றாவது வாரத்தில் பீன்ஸின் பருப்புகள் சேமிப்பெல்லாம் தீர்ந்து, சுருங்கி, மஞ்சளாகி உதிரும். முகம் அந்தப் பருப்பின் மேல் இருந்தது. உரக்க வாசித்துக் காட்டிய அன்று அந்தப் பக்கம் வந்ததும் அறை அமைதியாகிவிட்டது. "அது செத்துப் போச்சா?" என்று ஒரு குழந்தை கேட்டது. உள்ளே இருந்த உணவை எல்லாம் செடிக்குக் கொடுத்துவிட்டது என்று எவ்வளவு சொன்னாலும், கண் மூடிக் கீழே கிடக்கும் முகத்தை அந்த விளக்கம் வெல்லவில்லை. விதைப் புத்தகத்தில் முகம் வைக்க ஆசைப்பட்டால், எந்த உறுப்பு கடைசிப் பக்கம் வரை இருக்கும் என்று முதலில் பாருங்கள். விதை அப்படி இருக்காது: தோல் கழன்று போகும், பருப்பு உதிர்ந்து போகும். ஒரு மண்புழுவையோ பொறிவண்டையோ கூடவே வரவிட்டு, முகத்தை அதற்குக் கொடுத்தால் போதும். முகத்தை எடுத்தபோது எங்களுக்கு 13 இரட்டைப் பக்கங்களில் 9 திரும்ப வரைய வேண்டியதாகிவிட்டது.

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் விதைத்தேன். 12 விதைகளை மூன்று தொகுதியாகப் பிரித்து, மூன்று நாள் இடைவெளியில் போட்டேன். ஒரு தொகுதி அழுகினாலும் அடுத்தது இருக்கும். ஒரே நாளில் மூன்று பருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரையவும் முடியும். ஒவ்வொரு தொகுதியிலும் பாதி கண்ணாடி டம்ளரில், பாதி 3 செ.மீ. ஆழத்தில் மண்ணில். இரண்டு இடத்திலும் போடுவது மிக முக்கியம். வெளிச்சம் பட்டால் கொக்கி சீக்கிரம் நிமிர்ந்துவிடும். டம்ளரில் வெளிச்சம் எப்போதும் படுவதால் அங்கே கொக்கி சில நேரம் சரியாகத் தெரியவே தெரியாது. தண்டும் குட்டையாக இருக்கும். மண்ணுக்குள் இருட்டில் வளர்வதுதான் முழுக் கொக்கியோடு வரும். அந்த வளைவு மண்ணை முட்டி வழி செய்ய, மென்மையான குருத்து பின்னால் இழுபட்டு வருகிறது. இதைப் பார்க்க, மண்ணில் போட்டதில் நாளுக்கு ஒன்றைத் தோண்டி, தண்ணீரில் மெல்லக் கழுவி, அளவுகோலை ஒட்டி வைத்துப் படமெடுங்கள். கேமரா ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், தினமும் ஒரே நேரத்தில்.

25 டிகிரி சுற்றுவட்டாரத்தில் நான் குறித்த நாட்கணக்கு இது. ஊற வைத்த முதல் சில மணி நேரத்தில் தோல் மட்டும் தண்ணீரை உறிஞ்சிச் சுருக்கம் சுருக்கமாக எழும்பும். உள்ளே பருப்பு பெருத்த பிறகே அது மறுபடி வழவழப்பாகும். 'விதை உப்பியது' என்று எல்லாரும் எழுதுகிறோம், அதற்கு முன்னால் வரும் இந்தச் சுருக்கத்தை யாரும் வரைவதில்லை. 2 அல்லது 3ஆம் நாள் வேர், விதையின் தழும்புக்கு (விதை நெற்றில் ஒட்டியிருந்த இடத்துக்கு) பக்கத்திலிருந்து வெளியே வரும். எங்கள் முதல் பதிப்பில் அது விதையின் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. 4, 5ஆம் நாளில் பக்க வேர்கள். 6, 7இல் கொக்கி மண்ணுக்கு மேலே. 8, 9இல் நிமிர்ந்து முதல் இரண்டு இலைகள் விரியும். இவை எதிரெதிராக, ஒவ்வொன்றும் தனி இலையாக, இதய வடிவில் இருக்கும். மூன்று சிற்றிலை கொண்ட, நமக்குத் தெரிந்த பீன்ஸ் இலை அடுத்துதான் வரும். இதையும் தவறாகவே போட்டிருந்தோம், தொடக்கத்திலிருந்தே மூன்று மூன்றாக. 40 நாளை ஒட்டிப் பூ, பிறகு பிஞ்சு, காய். நெற்றாகிக் காய மூன்று மாதம் ஆகிவிடும். ஆகவே வளர்ந்த செடியைப் பார்த்து வரைய விரும்பினால் புத்தக வேலைக்கு மூன்று மாதம் முன்பே விதையுங்கள். இந்தக் காத்திருப்பைச் சுருக்க வழி கிடையாது.

டம்ளரில் வளர்க்கும்போது ஒரு குழப்பம் எல்லா வீட்டிலும் வரும். வேரில் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்தது போல இருக்கும், பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது வேர்த்தூவி, வேரிலிருந்தே வரும் மெல்லிய முடிகள். வேர் நுனிக்குச் சற்று மேலே, வளையம் போல ஒரே சீராக இருக்கும். தண்ணீர் தெளித்தால் படிந்து கண்ணுக்கே தெரியாது. பூஞ்சை சிலந்தி வலை போல ஒழுங்கில்லாமல், விதையின் மேலும் தாளின் மேலும் பரவும், வாடை அடிக்கும். குழந்தை இதைத் தானே பிரித்தறிய ஒரு சிறு படம் போட்டால் எத்தனையோ செடிகள் பிழைக்கும்.

வரியிலும் பிழை இருந்தது. 'மண்ணைச் சாப்பிட்டுச் செடி வளர்ந்தது' என்று எழுதியிருந்தேன், அழகாக இருக்கிறது என்று. 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மாண்ட் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் ஐந்து ஆண்டு வளர்த்து எடை பார்த்தார். 5 பவுண்டு கன்று 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் அது நூலாக வந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் எண்ணியது சரியல்ல, காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கு பின்னால்தான் தெரிந்தது. ஆனால் மண் உணவு அல்ல என்று அன்றே அளந்து காட்டிவிட்டார். நானோ இத்தனை காலம் கழித்தும் மண்ணையே உணவு என்று எழுதினேன். இப்போதைய வரி: 'உள்ளே இருந்த உணவு தீர்ந்தது. இனி இலைகள் உணவு செய்யும்.' முளைக்க வெயில் வேண்டும் என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. முளைக்கத் தண்ணீர், காற்று, இதமான சூடு போதும். பெரும்பாலான விதைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை. உணவு செய்ய வெளிச்சம் வேண்டியிருப்பது பிறகுதான்.

பக்கம் பிரிப்பதில் நான் கற்றது: 16 பக்கம் ஒரு ஃபாரம், படப்புத்தகம் பெரும்பாலும் இரண்டு ஃபாரம், 32 பக்கம். தலைப்பு, பதிப்பு விவரம், கடைசியில் செய்து பார்க்கும் பகுதி, பெரியவர்களுக்கான குறிப்பு எல்லாம் போக 13 இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். இவற்றை நாட்களுக்குச் சமமாகப் பங்கிடாதீர்கள். முதல் 9 நாளுக்கு 7 கொடுங்கள். பிறகு வரும் மூன்று மாதத்துக்கு 6 போதும். குழந்தை தினமும் எட்டிப் பார்ப்பது அந்த முதல் 9 நாட்களில்தான். மண்ணைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படங்களில் மண் மட்டம் எல்லாப் பக்கத்திலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது பக்கங்களை விரலால் விரைவாகப் புரட்டினாலே செடி எழுவதும் வேர் இறங்குவதும் தெரியும். எங்கள் முதல் பதிப்பில் மட்டம் மேலும் கீழும் ஆடியதால், செடி வளர்கிறதா மண் தாழ்கிறதா என்று புரியவில்லை. அளவும் அப்படித்தான். 1.5 செ.மீ. விதையை முட்டை அளவுக்கு வரைந்துவிட்டு, அடுத்த பக்கத்தில் முளையைச் சுண்டுவிரல் அளவுக்கு வரைந்தால் செடி சிறுத்ததாகத்தான் தோன்றும். பெரிதாக்கிக் காட்டும் பக்கத்தில் பொறிவண்டையும் அதே அளவு பெரிதாக்குங்கள். குழந்தை அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும். தண்டையும் ஆணிவேரையும் நடுமடிப்பில் வரையவே கூடாது. இரு பக்கமும் 10 மி.மீ. விழுங்கப்பட்டுவிடும், எங்களுக்குக் கொக்கியின் வளைவே மடிப்புக்குள் போய்விட்டது.

ஓவியரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பென்சில் நிலையைத் தனியாக எழுதுங்கள். முழுப் புத்தகத்துக்கும் பென்சில் மாதிரி, அதைத் தாவரவியல் சொல்லித்தரும் ஒருவர் பார்ப்பது, அவர் சொன்ன திருத்தம் முடிந்த பிறகே வண்ணம் என்று வரிசை இருக்கட்டும். பார்த்துத் தருபவருக்குக் கட்டணமும் ஒதுக்குங்கள். பென்சிலில் ஒரு மணி நேரத்தில் முடிகிற திருத்தம் வண்ணத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எடுக்கும். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம் என்று மட்டும் இருந்தது. அந்த இரண்டையும் தொப்பியின் நிறம், மேகத்தின் வடிவம் என்று செலவழித்துவிட்டோம். பருப்பு இடம் மாறியது தெரிந்தபோது சுற்று மிச்சமில்லை. ஓவியர் மேல் குறையே இல்லை, நான் கொடுத்த படங்களை உண்மையாகத்தான் வரைந்திருந்தார்.

சொற்களைத் தேர்ந்தெடுத்த நாட்கள்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை. வித்திலை, விதையிலை, முளைவேர், முளைக்குருத்து எல்லாம் நல்ல சொற்கள், ஆனால் ஐந்து வயதில் ஒரே பக்கத்தில் மூன்று வந்தால் தடுக்கும். வித்திலைக்குப் 'பருப்பு' என்றே வைத்தேன், குழந்தை அதைப் பிரித்துப் பார்த்திருக்கும். 'பருப்பு மேலே வந்து பச்சையானது' என்றதும் முகம் மலர்கிறது. ஒரு பொருளுக்கு எடுத்த சொல்லைக் கடைசி வரை மாற்றக் கூடாது. ஒரு பக்கத்தில் முளை, அடுத்ததில் குருத்து, பிறகு துளிர் என்று போனால் மூன்றும் மூன்று பொருள் என்று நினைக்கும். வினைச்சொல்லில் மட்டும் தாராளம் காட்டலாம்: ஊறியது, உப்பியது, வேர் விட்டது, முட்டியது, நிமிர்ந்தது, துளிர்த்தது, மொட்டு விட்டது, பூத்தது, காய்த்தது, நெற்றானது. பருவத்துக்கு ஒரு சொல் நம்மிடம் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் 'வளர்ந்தது' போடுவது வீண். வரிக்கு 4 முதல் 6 சொல், எழுத்தின் அளவு 22 பாயிண்டுக்குக் குறையாமல், ஒரு சொல்லை இரண்டு வரியில் உடைக்காமல். புணர்ச்சியில் ஒட்டி நீளும் சொற்களைப் பிரித்து எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு எளிது. யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள், அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். 'கொக்கி' எங்களுக்கு ஒருமுறை கொம்பு பிரிந்து வந்தது.

அச்சில் மண் நிறம்தான் பெரிய சிக்கல். ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் விழுக்காட்டைக் கூட்டினால் 300ஐத் தாண்டக் கூடாது. எங்கள் அடர் பழுப்பு அதற்கு வெகு மேலே போய், மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியது. அந்தப் பழுப்பின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடாக வரைந்த வேர்த்தூவிகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான்கு வண்ணமும் இம்மி பிசகினாலும் மெல்லிய வெள்ளைக் கோட்டை மை மூடிவிடும். இரண்டாம் பதிப்பில் வேரைச் சுற்றியுள்ள மண்ணை வெளிர் நிறமாக்கி, தூவிகளை அரை மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்து, எண்ணிக்கையைக் குறைத்தோம். திரையில் பளிச்சென்று தெரியும் இளம்பச்சை தாளில் மங்கிவிடும், அதனால் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சின் நான்கு மை நிற முறையில், வேலை செய்யச் சொல்லுங்கள். புரூஃபை (மாதிரி அச்சை) அச்சாகப்போகும் அதே தாளில் எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு தாளின் செலவை மிச்சம் பிடித்ததில்தான் 1,000 பிரதியிலும் இந்த அச்சுக் குறை வந்தது.

கடைசிப் பக்கத்துச் செய்முறைக்கு இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அது குழந்தையின் கையைத் தொடுகிறது. முதல் வரைவில் பாடநூல் வழக்கப்படி பீன்ஸோடு ஆமணக்கையும் சேர்த்திருந்தேன். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது; அச்சுக்குப் போகுமுன் அதை எடுத்தேன், எடுத்திருக்காவிட்டால் என்று இன்றும் பதறுகிறேன். ஊறிய, வேகவைக்காத பீன்ஸ் விதையைக் கூடத் தின்னக் கூடாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் என்று பெரியவர் குறிப்பில் எழுதுங்கள். விதைக்கென்று விற்கும் பொட்டலத்தில் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பூச்சு இருந்தால் அது பூச்சி, பூஞ்சை மருந்து. குழந்தையிடம் கொடுக்கவே வேண்டாம். முறை எளிது: டம்ளரின் உட்புறம் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 4 விதை, அடியில் 1 செ.மீ. தண்ணீர். விதை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது, மூழ்கினால் காற்றில்லாமல் அழுகும். ஒரே ஒரு விதை போடச் சொல்லாதீர்கள், அது முளைக்காவிட்டால் குழந்தை தன்மேல் பழி போட்டுக்கொள்ளும். வேர் 3 செ.மீ. ஆனதும் டம்ளரை மூடிப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் மறுநாளைக்குள் வேர் நுனி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் எத்தனை குழந்தைகள் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறார்கள்!

நிறுத்திவைத்த 700 பிரதிகளில் ஒரு கட்டு எடுத்து, இரண்டாம் பதிப்பு பென்சிலில் இருந்தபோது, செடி வளர்த்துக்கொண்டிருந்த ஒரு வகுப்புக்குக் கொடுத்தேன். புத்தகத்தில் தவறு இருக்கிறது, உங்கள் செடியைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது 5. அவர்கள் 7 எடுத்தார்கள். ஆறாவது, கொடி பற்றிக்கொள்ள வரைந்திருந்த சுருள் பற்றுக்கம்பி. அது பட்டாணிக்கு உண்டு, பீன்ஸ் தண்டாலேயே சுற்றி ஏறும். ஏழாவது, பிளந்த நெற்றின் நடுவில் விதைகள் அந்தரத்தில் மிதந்தன. ஒரு குழந்தை உண்மையான நெற்றைப் பிரித்து, விதைகள் ஒரே ஓரத்தை ஒட்டிச் சிறு காம்பால் பிடித்துக்கொண்டிருப்பதைக் காட்டியது. ஒன்றைக் கிள்ளி எடுத்து, அது ஒட்டியிருந்த இடத்தில் இருக்கும் தழும்பைத் தொட்டு, "வேர் இதுக்குப் பக்கத்துலதானே வந்துச்சு?" என்று கேட்டது. இரண்டு திருத்தமும் அன்று மாலையே பென்சிலில் ஏறின.